பற்பசையும் வாயோரத் தடிப்பும்: காவிரிப் படுகையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறும் பெண்ணுக்கு அப்போது வயது 36. பாபநாசம் வட்டத்தில், வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில், மாமியாரோடும் 12 வயது மகளோடும் வசித்து வருகிறார். வீட்டின் முன்னறையில் தையல் எந்திரம் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். அந்தப் பெண்ணின் ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். நான் அதே வட்டாரத்தில் பல் மருத்துவம் பார்ப்பவள். இவருடைய முகத்தில் ஏற்பட்ட தடிப்புக்குக் காரணம் தெரிய ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது. அந்தத் தாமதத்தில் ஒரு பகுதி என்னால் ஏற்பட்டது என்பதால்தான் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று கருதினேன்.

2023 ஜூன் மாதம், மேட்டூர் அணை திறந்து குறுவைப் பணிகள் தொடங்கியிருந்த நாட்களில், கணவர் விடுப்பில் வந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாரையும் போலவே சோப்பு, தைலம், சாக்லேட் ஆகியவற்றோடு நான்கு டியூப் பற்பசையும் கொண்டுவந்தார். சிவந்த நிறம், கண்ணாடி போன்ற கூழ், வாயில் வைத்தவுடன் இனிப்பும் காரமும் கலந்த ஒரு சுவை. மனைவிக்கு நெடுநாளாகப் பல் கூச்சம் இருந்ததால் நல்ல பற்பசையாகப் பார்த்து வாங்கியதாகச் சொன்னார். மாமியார் வழக்கம்போலத் தம் பல்பொடியிலேயே நின்றுவிட்டார். கணவன், மனைவி, மகள் மூவரும் புதிய பற்பசைக்கு மாறினர்.

முதல் அறிகுறிகளும் வீட்டில் எடுத்த முடிவுகளும்

ஜூலை இறுதியில் உதடுகள் காய்ந்து தோலுரியத் தொடங்கின. ஆடிக் காற்றுக்கு உதடு வெடிப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை என்பதால் அவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். பத்து நாட்களில் இரு கடைவாய்களிலும் சிவப்பும் எரிச்சலும் வந்தன; பிறகு கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட பள்ளத்தில் அரிப்போடு தடித்தது. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர்; இரவில் பல்லி எச்சமிட்டிருக்கும் என்றார் இன்னொருவர்.

மருந்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவிய மூன்றாம் நாளே தோல் தெளிந்துவிட்டது. நிறுத்திய ஒரு வாரத்தில் தடிப்பு திரும்பி வந்தது. மீண்டும் தடவினார்; மீண்டும் தெளிந்தது; மீண்டும் வந்தது. இப்படி ஆகஸ்ட் தொடங்கி நான்கு மாதங்களில் ஆறு டியூப் தீர்ந்திருந்ததைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தோம். அந்தக் களிம்பில் குளோபெட்டசால் என்ற வீரியம் மிகுந்த ஸ்டீராய்டும், நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும், மைக்கோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் சேர்ந்திருந்தன. இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதித்திருக்கிறது. ஆனாலும் சேற்றுப்புண், படர்தாமரை, முகக் கருமை என எதற்குக் கேட்டாலும் அதே வகைக் களிம்பு கைக்கு வந்துவிடுகிறது. களிம்பு வாங்கிய பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று நாளில் குணம் தெரியும் ஒரு மருந்தை யார்தான் சந்தேகிப்பார்கள்?

செப்டம்பரில் தடிப்பு சிறுசிறு கொப்புளங்களாக மாறியபோது, இது அக்கியாக இருக்கும் என்று மாமியார் பக்கத்து ஊரில் அக்கி எழுதுபவரிடம் அழைத்துச் சென்றார். மூன்று நாள் காவி குழைத்து முகவாயில் எழுதினார்கள். அது தோலை இன்னும் வறளச் செய்தது என்பதைத் தவிர வேறு கேடு செய்யவில்லை. அந்த மூன்று நாளும் களிம்பு தடவாமல் இருந்ததால் தடிப்பு மேலும் சிவந்தது; அக்கி "வெளியே வருகிறது" என்று வீட்டார் அதற்குப் பொருள் கொண்டனர்.

பல் மருத்துவமனைக்கு வந்தபோது

அக்டோபர் மூன்றாம் வாரம், ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில், அவர் என்னிடம் முதல்முறையாக வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் கூச்சம் கூடியிருந்தது. ஈறுகளில் எரிச்சல் இருப்பதாகவும் சொன்னார். பற்காரை ஓரளவுதான் படிந்திருந்தது. ஆனால் ஈறுகள் அந்த அளவுக் காரைக்குப் பொருந்தாத அளவில், பல்லின் விளிம்பு தொடங்கி ஈற்றின் அகலம் முழுவதும் ஒரே சீராகச் செக்கச் சிவந்திருந்தன. அந்தப் பொருத்தமின்மையை நான் கவனித்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை. காரையை நீக்கி, இரண்டு வாரத்துக்குக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த 0.2 சதவீத வாய்க்கழுவு நீரை எழுதிக் கொடுத்தேன். அது புதினா மணம் ஊட்டப்பட்டது.

சேலைத் தலைப்பால் வாயை மூடியபடியே அவர் பேசிக்கொண்டிருந்தார். நாற்காலியில் சாய்ந்தபோது முகவாயைச் சுற்றியிருந்த தடிப்பைப் பார்த்தேன். "வாயோரத்தில் தோல் தடிப்பு உண்டு, தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லப்பட்டது" என்று குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. எத்தனை நாளாக இருக்கிறது என்றோ, என்ன பற்பசை பயன்படுத்துகிறார் என்றோ ஒரு கேள்வி கூட அதில் இல்லை. பல் மருத்துவர் உதட்டுக்கு உள்ளே பார்ப்பார், தோல் மருத்துவர் உதட்டுக்கு வெளியே பார்ப்பார் என்ற ஒரு கோட்டை யாரும் வரையாமலே நாங்கள் கடைப்பிடித்து வருகிறோம். பற்பசைக்கு அந்தக் கோடு தெரியாது.

நான்கு வாரம் கழித்து, நவம்பர் நடுவில், தடிப்பு மூக்கின் இரு மருங்கிலும் ஏறிய நிலையில் மீண்டும் வந்தார். வாய்க்கழுவு நீரால் எரிச்சல் கூடியது என்று அவரே சொன்னார். அப்போதுதான் பற்பசையைப் பற்றிக் கேட்டேன்.

"லவங்கம் போட்ட பேஸ்ட் மேடம். எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்தது. பல்லுக்கு லவங்கம் நல்லதுதானே?"

நானும் அதை ஏற்றுக்கொண்டேன். லவங்கம் என்றால் எனக்குக் கிராம்பு. கிராம்பு என்றால் அதன் எண்ணெயிலுள்ள யூஜினால். யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து அன்றாடம் தற்காலிகப் பல் அடைப்புக்குப் பயன்படுத்துகிறேன். நன்கு பழகிய அந்தப் பொருளின் மீது எனக்குச் சந்தேகம் எழவில்லை. "கிராம்பு கலந்த பற்பசை" என்று எழுதிக்கொண்டேன். வீட்டில் மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லையா என்று கேட்டதற்கு, மகளும் அதே பற்பசையைத்தான் பயன்படுத்துகிறாள், விடுப்பு முடிந்து கணவர் கிளம்பும்வரை அவரும் அதில்தான் பல் துலக்கினார், இருவருக்கும் எதுவும் இல்லை என்றார். அந்தப் பதிலோடு பற்பசையை நான் விட்டுவிட்டேன். அது தவறான தர்க்கம். ஒவ்வாமை ஒரு தனி மனிதரின் உடல் கற்றுக்கொள்ளும் பாடம். வீட்டில் பத்துப் பேர் ஒரே பொருளைத் தொட்டாலும் ஒருவருக்கு மட்டுமே அது வரக்கூடும். வாய்க்கழுவு நீரை நிறுத்தச் சொல்லி, தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

கவனிக்காமல் விட்ட தடயம்

தோல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் அவருடைய பெரியம்மா காலமாகிவிட, திருத்துறைப்பூண்டிக்கு அருகிலுள்ள பிறந்த வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் தங்கினார். அவசரத்தில் கிளம்பியதால் களிம்பையும் எடுத்துச் செல்லவில்லை, பற்பசையையும் எடுத்துச் செல்லவில்லை. அங்கே கடையில் வாங்கிய சாதாரணப் பல்பொடி. முதல் ஒரு வாரம் தடிப்பு கூடி, அதன் பிறகு கடைவாய் வெடிப்பும் உதட்டுத் தோலுரிதலும் ஏறக்குறைய நின்றுவிட்டன. முகவாய்க் கொப்புளங்கள் மட்டும் இருந்தன. ஊர் திரும்பிய நான்காம் நாள் உதடு மறுபடி எரிந்தது. பிறந்த வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டது என்றும், நம் ஊர்க் குழாய்க் கிணற்று நீர்தான் கோளாறு என்றும் வீட்டில் முடிவு செய்தார்கள்.

உதடு ஆறியதும் முகவாய் ஆறாததும் இந்த நிகழ்வின் முடிச்சை அவிழ்க்கக்கூடிய செய்தி. அதைத் தோல் மருத்துவர்தான் பிரித்தறிந்தார்.

டிசம்பர்: ஒரே முகத்தில் இரண்டு நோய்

டிசம்பர் முதல் வாரத்தில் தோல் மருத்துவர் அவரைப் பார்த்தார். தொலைபேசியில் என்னை அழைத்து அவர் விளக்கியதன் சாரம் இது. முகவாயிலும் மூக்கோரத்திலும் ஊசித்தலை அளவுச் சிவந்த பருக்கள் கூட்டமாக இருந்தன. ஆனால் உதட்டின் சிவந்த பகுதியை ஒட்டிய மெல்லிய ஒரு விளிம்பில் மட்டும் பரு இல்லை. ஸ்டீராய்டுக் களிம்பை முகத்தில் நெடுநாள் தடவியவர்களிடம் காணப்படும் வாய்சூழ் தோல் அழற்சியின் அடையாளம் அது. அதற்குள் மறைந்தவாறு, உதட்டிலும் கடைவாயிலும் தோலுரிதலும் வெடிப்பும் அரிப்பும் இருந்தன. இது ஒரு பொருள் தொடர்ந்து படுவதால் வரும் தொடுதோல் அழற்சியை ஒத்திருந்தது. முதலில் ஏதோ ஒரு பொருளால் உதட்டில் அழற்சி வந்திருக்கிறது; அதற்குத் தடவிய களிம்பு இரண்டாவது நோயை உண்டாக்கியிருக்கிறது; அந்த இரண்டாவது நோய் முதலாவதை மூடிவிட்டது.

என்ன பொருள் என்று தேடுவதற்கு அவர் கையாண்ட முறையை நான் கற்றுக்கொண்டேன். காலையில் எழுந்தது முதல் முகத்தில் எது எப்போது படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். அப்போது வெளிவந்த காட்சி நம் ஊர் வீடுகளில் எவரும் பார்க்கக்கூடியது: அவர் விடியற்காலையில் தூரிகையில் முழு நீளத்துக்குப் பற்பசையைப் பிதுக்கி வாயில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் பல் துலக்கியபடியே வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலத்தையும் போட்டு முடித்த பிறகுதான் வாய் கொப்பளிப்பார். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நுரை கடைவாய் வழியாக முகவாயில் வழிந்து காயும். முகம் கழுவுவது அதற்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும். பல் துலக்கிய பிறகு வாயை மட்டும் கொப்பளித்து, புறங்கையால் துடைத்துக்கொள்வார்.

பற்பசை வாய்க்குள் பெரும்பாலும் தீங்கு செய்யாததற்குக் காரணம் உண்டு. எச்சில் அதை நீர்க்கச் செய்து அடித்துச் செல்கிறது. வாயின் உட்சவ்வில் இரத்த ஓட்டம் மிகுதி என்பதால் ஒவ்வாத பொருள் அங்கே தேங்குவதில்லை. உதட்டோரத் தோலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பற்பசையின் நுரைக்குக் காரணமான சோடியம் லாரில் சல்ஃபேட் தோலின் எண்ணெய்ப் படலத்தை அரிக்கும்; படலம் சிதைந்த தோல் வழியாகப் பற்பசையின் மணப்பொருள்கள் எளிதில் உள்ளே புகும். ஈரம் காயக் காய அந்தப் பொருள்களின் செறிவும் கூடும்.

டியூபைக் கொண்டுவரச் சொன்னார்கள். மகள் அதன் அட்டைப்பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்தாள். மணம் கிராம்பினுடையது இல்லை, இலவங்கப்பட்டையினுடையது. தமிழில் இலவங்கம் கிராம்பைக் குறிக்கிறது, இலவங்கப்பட்டையோ வேறொரு மரத்தின் பட்டை. பேச்சில் இரண்டும் "லவங்கம்" ஆகிவிடுகின்றன. அந்தப் பெண் சொன்னதும் சரி, நான் கேட்டதும் சரி. நடுவில் பொருள் மாறிவிட்டது. இலவங்கப்பட்டையின் மணத்தைத் தரும் சின்னமால்டிஹைடு, மணப்பொருள் ஒவ்வாமையில் நன்கு அறியப்பட்ட ஒன்று; ஈறுகளை ஒரே சீராகச் சிவக்கச் செய்யும் அழற்சியையும் அது உண்டாக்கும் என்பது பல் மருத்துவப் பாடத்திலேயே வருகிறது. அக்டோபரில் நான் பார்த்த ஈறுகள் அந்தக் கணத்தில்தான் என் நினைவுக்கு வந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பற்பசையை அன்றே நிறுத்தச் சொன்னார் தோல் மருத்துவர். களிம்பையும் அன்றே நிறுத்த வேண்டும் என்றார். முகத்தில் சோப்பு, பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். தண்ணீரும் வெள்ளை வாசலினும் போதும். வாய்சூழ் அழற்சிக்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 100 மில்லிகிராம் நாளொன்றுக்கு ஒன்று வீதம் ஆறு வாரம். அவர் கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பின்பே அதைத் தொடங்கினார்கள். கடைவாய் வெடிப்புக்கு இரும்புச் சத்துக் குறைவும் துணைபோகும் என்பதால் இரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் குறைவாக, 9.8 இருந்தது, அதற்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. சர்க்கரை அளவு சரியாக இருந்தது.

பல் துலக்குவதற்கு என்ன செய்வது என்பது என் பொறுப்பாயிற்று. மாமியார் தாமே இடித்த பல்பொடியை ஒரு சம்படத்தில் கொண்டுவந்து, "இதுல ரசாயனம் எதுவும் இல்லை டாக்டரம்மா, பட்டையெல்லாம் போட்டு நானே இடிச்சது" என்றார். பட்டை என்ற சொல்லைக் கேட்டதும் இம்முறை நான் விடவில்லை. என்ன பட்டை என்று கேட்டேன், கருவேலம்பட்டை என்றார். கடுக்காய், உப்பு, சிறிது கிராம்பு ஆகியன மற்றவை. ஆக, அந்தப் பொடியில் இலவங்கப்பட்டை இல்லை. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று வளர்ந்த தலைமுறையின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் கூச்சம் உள்ள பல்லில் கொரகொரப்பான பொடியைத் தேய்த்தால் தேய்மானம் கூடும். பற்சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடும் அதில் இல்லை. இயற்கையானது என்பதால் ஒவ்வாமை வராது என்றும் சொல்ல முடியாது, இலவங்கப்பட்டையும் இயற்கையானதுதானே. இவற்றை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மருமகளுக்காக விட்டுக்கொடுத்தார்.

ஃபுளோரைடு உள்ள பற்பசையே வாய்சூழ் அழற்சிக்குக் காரணமாகலாம் என்ற கருத்து 1970-களிலிருந்து மருத்துவ இதழ்களில் இருந்து வருகிறது. அதனால் சில மருத்துவர்கள் ஃபுளோரைடையே விலக்கச் சொல்வதுண்டு. அதற்கான சான்று வலுவானது இல்லை என்பதாலும், இவருடைய பற்களில் ஏற்கெனவே இரண்டு இடங்களில் சொத்தை தொடங்கியிருந்ததாலும், ஃபுளோரைடு இருக்கட்டும், மணமும் நுரையும் போகட்டும் என்று முடிவு செய்தேன். இந்தியாவில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கு உட்பட்ட, சோடியம் லாரில் சல்ஃபேட்டும் மணப்பொருளும் சேராத ஒரு பற்பசையைக் கும்பகோணத்தில் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை வெறும் தூரிகையும் தண்ணீரும்தான். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள், ஆனால் பல்லில் படியும் அழுக்கை அகற்றுவதில் பெரும்பங்கு தூரிகையினுடையது.

துலக்கும் முறையையும் மாற்றினோம். பட்டாணி அளவு பற்பசை. இரண்டு நிமிடம், ஓரிடத்தில் நின்று, குனிந்து. கொப்பளித்த பிறகு முகத்தை நல்ல தண்ணீரில் கழுவுதல். கோலம் அதற்குப் பிறகு.

பின்னடைவு

களிம்பை நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் முகம் இப்போதிருப்பதைவிட மோசமாகும் என்று தோல் மருத்துவர் எச்சரித்திருந்தார். ஐந்தாம் நாளே அது நடந்தது. முகவாய் முழுவதும் சிவந்து, வீங்கி, எரிந்தது. அந்த நேரத்தில் கார்த்திகை மாதத்தின் கடைசி முகூர்த்தத்தில் நாத்தனார் மகளுக்குத் திருமணம். சபையில் அந்த முகத்தோடு நிற்க வேண்டுமே என்ற கவலையில் அவர் இரண்டு நாள் களிம்பைத் தடவிவிட்டார். முகம் தெளிந்தது, திருமணம் நல்லபடியாக நடந்தது, ஒரு வாரம் கழித்து முன்னிலும் கடுமையாகத் தடிப்பு கிளம்பியது. கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இதைச் சொல்ல வந்தபோது அவர் அழுதார். எங்கள் இருவரிடமும் திருமணத் தேதியைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்களும் வரும் வாரங்களில் வீட்டில் ஏதேனும் விசேஷம் உண்டா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், தொடக்கத்திலேயே வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். அப்படிச் செய்வதும் ஏற்கத்தக்க முறைதான் என்று தோல் மருத்துவர் பிறகு சொன்னார். திடீரென நிறுத்துவதைத் தாங்கும் சூழல் நோயாளிக்கு இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். மார்கழியில் விசேஷம் எதுவும் இல்லாததால் இரண்டாம் முயற்சி எளிதாயிற்று. இம்முறை மூன்று நாளுக்கு ஒருமுறை மகளின் உதவியோடு முகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சிவப்பு கூடிய நாளில் "இது எதிர்பார்த்ததுதான்" என்று பதில் அனுப்பினேன். அந்தப் பதில்களால்தான் மறுபடி களிம்பு வாங்கவில்லை என்று அவர் பின்னர் சொன்னார்.

ஒட்டுச் சோதனை

சந்தேகத்தை உறுதி செய்ய ஒட்டுச் சோதனை தேவைப்பட்டது. ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள்களைச் சிறு வட்டத் தகடுகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்து, நான்காம் நாள் மீண்டும் பார்க்க வேண்டும். இந்த வகை ஒவ்வாமை பொருள் பட்ட உடனே தெரிவதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வெளிப்படும் என்பதால் இந்தக் காத்திருப்பு. அதே காரணத்தால்தான் காலையில் துலக்கிய பற்பசையையும் மறுநாள் மாலை வந்த அரிப்பையும் யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. நான்கு நாளும் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. பொங்கலன்று தலைக்குக் குளிக்காமல் இருக்க முடியாது என்பதால் தை மாதம் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்தோம். அந்தப் பருவமே இதற்கு உகந்தது. சித்திரை வெயிலில் ஒட்டு நிற்காது.

பற்பசையை அப்படியே முதுகில் ஒட்டிச் சோதிக்கக் கூடாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதிலுள்ள நுரைப்பொருள் மூடிய நிலையில் எவருடைய தோலையும் சிவக்கச் செய்யும். அதை ஒவ்வாமை என்று தவறாகப் படித்துவிடுவோம்.

நான்காம் நாளில் நறுமணக் கலவை, பெரு பால்சம் என்ற மணமுள்ள மரப்பிசின், தனியாக வைத்த சின்னமால்டிஹைடு ஆகிய மூன்றும் தெளிவாகத் தடித்திருந்தன. யூஜினால், நியோமைசின், புதினா எண்ணெய் ஆகிய இடங்களில் ஒன்றுமில்லை. யூஜினால் குறித்த விடை எனக்குத் தனியே முக்கியமானது. நறுமணக் கலவையின் எட்டுப் பொருள்களில் யூஜினாலும் ஒன்று. அதைத் தனியாகச் சோதிக்காமல் விட்டிருந்தால், அவருடைய சொத்தைப் பல்லுக்கு நான் வழக்கமாகப் பயன்படுத்தும் அடைப்பை வைக்கலாமா என்பது தெரியாமலே போயிருக்கும். விருந்து நாட்களில் அவர் வெற்றிலை போடுவதுண்டு. வெற்றிலையிலும் யூஜினாலும் அதன் உறவுப் பொருள்களும் இருக்கின்றன. அதை விலக்கச் சொல்லவும் காரணம் இல்லாமல் போயிற்று. சுண்ணாம்பு உதட்டோரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

குழம்பிலும் பிரியாணியிலும் போடும் பட்டையைப் பற்றி அவர் கேட்டார். சிலருக்கு உணவின் வழியாகவும் தடிப்பு வருவது உண்டு. முகம் தெளியும்வரை தவிர்த்துவிட்டு, பிறகு ஒருமுறை சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

விளைவு

பிப்ரவரி இறுதியில் கொப்புளங்கள் மறைந்தன. மார்ச் நடுவில் முகவாயில் பழுப்பு நிறத் தழும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மாநிறத் தோலில் அது மறையப் பல மாதம் ஆகும். ஈறுகளின் சிவப்பு, பற்பசையை நிறுத்திய ஐந்து வாரத்துக்குள் தணிந்துவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் அடைப்பு வைத்தேன், கூச்சமும் குறைந்தது.

2024 ஜூலையில் கணவர் அவசர வேலையாக வந்தபோது மகளுக்கென்று கொண்டுவந்த சூயிங்கத்தில் ஒன்றை இவரும் மென்றார். மறுநாள் மாலை உதடு எரிந்து, மூன்றாம் நாள் தோலுரிந்தது. உறையில் இலவங்கப்பட்டை மணம் என்று எழுதியிருந்தது. இம்முறை மருந்துக் கடைக்குப் போகவில்லை. உறையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு வாசலின் தடவிக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது நாளில் ஆறிவிட்டது.

எங்கள் நடைமுறையில் மாற்றியவை

உதட்டிலோ வாயோரத்திலோ தடிப்பு உள்ள எவரும் என்னிடம் வந்தால், பற்பசை, பல்பொடி, வாய்க்கழுவு நீர், உதட்டுத் தைலம், முகத்தில் தடவும் களிம்பு ஆகிய அனைத்தையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதில்லை. உறையை நானே படிக்கிறேன். லவங்கம், பட்டை, மருந்து, கிரீம் என்ற சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் குறைந்தது இரண்டு பொருள் உண்டு. எப்படித் துலக்குகிறார்கள் என்பதைச் சொல்லக் கேட்பதோடு நிற்காமல், வெறும் தூரிகையைக் கொடுத்துச் செய்து காட்டச் சொல்கிறேன்.

காரைக்குப் பொருந்தாத ஈற்றுச் சிவப்பைக் கண்டால் வாய்க்கழுவு நீர் எழுதுவதற்கு முன் இரண்டு வாரம் மணமற்ற பற்பசையில் வைத்துப் பார்க்கிறேன். வெளியூர் போனபோது குறைந்ததா என்ற கேள்வியும் குறிப்பேட்டில் ஏறியிருக்கிறது. குறைந்தது என்றால், அங்கே தண்ணீரைத் தவிர வேறென்ன மாறியது என்பதே அடுத்த கேள்வி. தோல் மருத்துவரும் தம் பங்குக்கு, களிம்பை நிறுத்தச் சொல்லும் முன் நாட்காட்டியை எடுத்து நோயாளியின் முன் வைத்து, அடுத்த ஒரு மாதத்தின் விசேஷங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

அந்தப் பெண் இப்போது வாசலில் கோலம் போட்டு முடித்த பிறகுதான் பல் துலக்குகிறார். மீதியிருந்த ஒன்றரை டியூப் சிவப்புப் பற்பசையை மகள் பயன்படுத்தித் தீர்த்தாள். அவளுக்கு இன்றுவரை அதனால் எதுவும் வரவில்லை.